விமானிகளுக்குப் பஞ்சம் என்றால் ஏன் இத்தனை வடிகட்டல்? வெளிநாட்டு விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் விதம்

அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்கு 6 லட்சத்து 74 ஆயிரம் புதிய விமானிகள் தேவைப்படுவார்கள் என்று போயிங் நிறுவனம் 2024-இல் கணித்தது. அதே சமயம், கையில் லைசென்ஸ் இருந்தும் வருடக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கும் இளம் விமானிகளும் நாட்டுக்கு நாடு இருக்கிறார்கள். இது எப்படி என்று பலர் குழம்புகிறார்கள்.

பற்றாக்குறை இருப்பது அனுபவமுள்ள விமானிகளுக்கு. குறிப்பாக, நிறுவனம் ஓட்டும் அதே ரக விமானத்தை ஏற்கனவே ஓட்டிய கேப்டன்களுக்கு. புதிதாகப் படித்து வருபவர்கள் வரிசையில் கூட்டம் குறைவதே இல்லை. ஆனால் அனுபவசாலிகளையும் நிறுவனங்கள் சும்மா உள்ளே விட்டுவிடுவதில்லை. அவர்களுக்கும் நேர்காணல், சிமுலேட்டர் (காக்பிட்டைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு.

இதற்குக் காரணம் பணம். ஒருவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு நிறுவனம் பல மாதங்கள் அவருக்குப் பயிற்சி தருகிறது. சிமுலேட்டர் நேரம், பயிற்றுநர்கள், அவருக்காக ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) ஒதுக்கும் இடம் எல்லாமே செலவு. நடுவழியில் அவர் தேறாமல் போனால் அத்தனையும் வீண். ஆகவே தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படுவது சுற்றி வளைத்து ஒரே கேள்விதான்: இவர் எங்கள் பயிற்சியை முதல் முயற்சியிலேயே முடிப்பாரா? ‘இவர்தான் எல்லாரையும்விட நன்றாக ஓட்டுகிறாரா’ என்று யாரும் பார்ப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்கள் புரிய ஆரம்பிக்கும்.

லைசென்ஸ் கையில் இருக்கிறது; ஆனால் எந்த நாட்டு லைசென்ஸ்?

முதல் முட்டுக்கட்டை சட்டத்தில் இருக்கிறது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தின் 32-ஆவது பிரிவுப்படி, சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானத்தை ஓட்டுபவரின் லைசென்ஸ், அந்த விமானம் பதிவாகியுள்ள நாடு வழங்கியதாகவோ அந்த நாடு செல்லும் என்று ஏற்றுக்கொண்டதாகவோ இருக்க வேண்டும். ஓட்டுபவர் எந்த நாட்டுக்காரர் என்பது இங்கே இரண்டாம்பட்சம். வாலில் எந்த நாட்டின் பதிவெழுத்து இருக்கிறதோ அந்த நாட்டின் விதிதான் செல்லும்.

அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று வேலிடேஷன்: இருக்கிற லைசென்ஸை அந்த நாடு குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்றுக்கொள்வது. மற்றது கன்வெர்ஷன்: அந்த நாட்டின் தேர்வுகளை எழுதி அதன் சொந்த லைசென்ஸையே வாங்குவது.

லைசென்ஸ் வகைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

1. சி.பி.எல்.: சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்ட அனுமதிக்கும் கமர்ஷியல் லைசென்ஸ். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் அளவுகோல்படி குறைந்தது 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பு என்றால் 150.

2. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்: வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி.

3. ஏ.டி.பி.எல்.: பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனாக இருக்கத் தேவையான உச்ச லைசென்ஸ். குறைந்தது 1,500 மணி நேரம்.

4. ‘ஃப்ரோஸன்’ ஏ.டி.பி.எல்.: சட்டத்தில் இப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது, பேச்சுவழக்கு. ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளை எல்லாம் முடித்துவிட்டு, மணி நேரம் சேர்வதற்காகக் காத்திருப்பவரை இப்படிச் சொல்வார்கள். ஐரோப்பாவில் துணை விமானியாக நுழைபவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுத்துத் தேர்வு 13 தாள்கள். வேறு பிராந்தியத்தில் பத்தாயிரம் மணி நேரம் ஓட்டிய கேப்டனே ஆனாலும், ஐரோப்பிய லைசென்ஸ் வேண்டுமென்றால் இந்தத் தாள்களை உட்கார்ந்து எழுதியாக வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் லைசென்ஸும் ஐரோப்பிய லைசென்ஸும் தனித்தனி. விளம்பரத்தில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நல்லது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே துணை விமானிக்கும் ஏ.டி.பி.எல். நிலை லைசென்ஸ் வேண்டும். சாதாரணமாக 1,500 மணி நேரம். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு 750, விமானத்துறையில் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 என்று சில சலுகைகள் உண்டு. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்ததன் விளைவாக வந்த விதி இது. அந்த விமானத்தின் கேப்டனிடம் 3,379 மணி நேரமும் துணை விமானியிடம் 2,244 மணி நேரமும் இருந்தன. இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள்! அந்த விதி அந்த விபத்தைத் தடுத்திருக்குமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கும் சந்தேகம்தான்.

லைசென்ஸ் பிரச்சினை தீர்ந்தாலும் குடியுரிமை இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க விளம்பரங்களில் பெரும்பாலும் ‘கட்டுப்பாடின்றி வாழவும் வேலை செய்யவும் உரிமை உள்ளவர்கள் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். பலரின் விண்ணப்பம் நின்றுபோவது அந்த வரியில்தான். வளைகுடாவின் எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் பல நாட்டவரையும் எடுத்து, விசாவைத் தாங்களே ஏற்பாடு செய்கின்றன. வெளிநாட்டு விமானி வேலை என்றதும் எல்லாரும் அந்தத் திசையையே பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பம்: மணிகளைப் பிரித்துப் பார்க்கும் கணக்கு

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது முதல் கேள்வி மட்டும்தான். அதற்குள் கேப்டனாக எத்தனை, இருவர் ஓட்டும் விமானத்தில் எத்தனை, ஜெட்டில் எத்தனை, குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட விமானத்தில் எத்தனை, கடைசி 12 மாதங்களில் எத்தனை என்று பிரிப்பார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வருடம் பறக்காமல் இருந்தவரின் 5,000 மணி நேரத்தைவிட, போன மாதம்வரை பறந்தவரின் 2,000 மணி நேரத்துக்குச் சில நிறுவனங்களில் மதிப்பு அதிகம். காரணம் பழையதுதான்: பயிற்சியில் தடுமாறும் ஆபத்து.

நுழைவழிகளும் வேறு வேறு. லைசென்ஸே இல்லாதவரை அல்லது புதிதாக வாங்கியவரை எடுப்பது கேடட் திட்டம். அந்த ரக விமானத்தில் அனுபவம் இல்லாத துணை விமானி, அனுபவம் உள்ள துணை விமானி என்று அடுத்த இரண்டு. நேரே கேப்டன் இருக்கைக்கு எடுப்பது ‘டைரக்ட் என்ட்ரி கேப்டன்’. கேப்டன்கள் உள்ளுக்குள்ளேயே சீனியாரிட்டிப்படி உயரும் நிறுவனங்களில் இந்தக் கடைசி வழி அடைபட்டிருக்கும், அல்லது மிக அரிதாகத் திறக்கும்.

லாக்புக்கில் (விமானி தன் பறப்பு நேரத்தைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) உள்ளதும் படிவத்தில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். கராச்சியில் 2020 மே மாதம் நடந்த பாகிஸ்தான் சர்வதேச விமானச் சேவையின் விபத்துக்குப் பின், அந்நாட்டு அமைச்சர் நாடாளுமன்றத்தில் 262 விமானிகளின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று சொன்னார். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்த நிறுவனத்துக்குத் தடை போட்டது; அது நீங்க 2024 நவம்பர் ஆனது. லைசென்ஸ் உண்மையானதுதானா என்று அதை வழங்கிய ஆணையத்திடமே கடிதம் வாங்குவதை நிறுவனங்கள் ஏன் விடாப்பிடியாகச் செய்கின்றன என்பதற்கு இது போதும்.

தோற்ற செக்குகளையும், அதாவது பறப்புத் திறன் சோதனைகளையும், மறைக்கக் கூடாது. கோல்கன் கேப்டன் வேலைக்குச் சேரும்போது, தான் தோற்ற சில பறப்புத் தேர்வுகளைச் சொல்லவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக, புதிய நிறுவனம் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும்படி ஒரு தரவுத்தளத்தையே அமெரிக்கா உருவாக்கியது. ஒரு தேர்வில் தோற்றது பெரும்பாலும் மன்னிக்கப்படும். மறைத்தது தெரிந்தால் அத்தோடு முடிந்தது.

கணினி முன்னால்

அடுத்தது திறன் தேர்வு. இங்கே விமான அறிவு அதிகம் தேவைப்படாது. திரையில் ஓடும் புள்ளியை ஜாய்ஸ்டிக்கால் துரத்திக்கொண்டே காதில் விழும் எண்களை நினைவில் வைத்து, இடையில் கூட்டல் கழித்தலும் செய்ய வேண்டியிருக்கும். ஒரு வேலை அதிகமாகும்போது மற்றவை எந்த வேகத்தில் சரிகின்றன என்பதை அளக்கிறார்கள். ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஹாம்பர்க்கில் டி.எல்.ஆர். என்ற விண்வெளி ஆய்வு மையம் நடத்திய இந்த வகைத் தேர்வு, கடினத்துக்குப் பெயர் போனது.

மனக்கணக்கு கட்டாயம் வரும், அதுவும் தொழிலோடு ஒட்டிய மனக்கணக்கு. உதாரணமாக, 30,000 அடி இறங்க வேண்டும் என்றால் ஆயிரங்களை மூன்றால் பெருக்கு: சுமார் 90 கடல் மைல் முன்பே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். தரை வேகம் 480 நாட், அதாவது மணிக்கு 480 கடல் மைல் என்றால் நிமிடத்துக்கு 8 கடல் மைல். 140 நாட்டில் மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும்போது ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு 700 அடி. காக்பிட்டில் கணினி இதையெல்லாம் செய்துவிடுகிறதே என்று கேட்கலாம். கணினி தப்பாகச் சொல்லும்போது அது தப்பு என்று தெரிய வேண்டுமே!

ஆளுமை வினாத்தாள் இன்னொரு பகுதி. இருநூறு முந்நூறு கேள்விகள் இருக்கும். ஒரே கேள்வி வேறு வேறு சொற்களில் திரும்பி வரும். நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள முயன்றால் முரண்பாடு அங்கேயே பிடிபடும்.

ஆங்கிலத்துக்குத் தனி அளவுகோல். ஐ.சி.ஏ.ஓ. ஆறு நிலைகள் வைத்திருக்கிறது. சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது 4-ஆம் நிலை. 4 என்றால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 5 என்றால் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது பரிந்துரை, 6-க்குத் தேவையில்லை. 1977-இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்த விபத்தில், ரேடியோவில் அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்ட சில சொற்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நிறுவனங்கள் பார்ப்பது இலக்கிய ஆங்கிலத்தை இல்லை. பதற்றத்தில் இருக்கும்போதும் தெளிவாகச் சொல்லவும், புரியாதபோது ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்கவும் முடிகிறதா என்பதைத்தான்.

குழு விளையாட்டும் நேர்காணலும்

நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

1978 டிசம்பரில் யுனைடெட் 173 என்ற டி.சி.-8 விமானம் அமெரிக்காவின் போர்ட்லண்டை நெருங்கியபோது, சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம் வந்தது. கேப்டன் அதிலேயே மூழ்கிப்போனார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. காக்பிட்டில் இருந்த மற்றவர்களுக்கு அது தெரியும். எரிபொருள் பற்றிப் பேசவும் செய்தார்கள். ஆனால் ‘இப்போதே இறங்கியாக வேண்டும்’ என்று அழுத்தமாக யாரும் சொல்லவில்லை. விமானம் எரிபொருள் இல்லாமல் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளை வைத்து 1979-இல் நாசா நடத்திய பட்டறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று சி.ஆர்.எம். என்று சொல்லப்படும் துறை. காக்பிட்டில் இருக்கும் எல்லாருடைய அறிவையும் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் அதன் பாடம்.

குழு விளையாட்டு இதைத்தான் சோதிக்கிறது. ஐந்தாறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, பாலைவனத்தில் மாட்டிக்கொண்டதாகவோ அவசர உதவிப் பொருட்களைப் பங்கிடுவதாகவோ ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். விடை பெரிய விஷயமில்லை. சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் குறிப்பெடுப்பது வேறு: யார் நேரத்தைக் கவனிக்கிறார், யார் அடுத்தவர் பேச்சை வெட்டுகிறார், ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரை யார் பேச்சுக்குள் இழுக்கிறார், தன் யோசனை தோற்றதும் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். ஆரம்பத்திலேயே எழுந்துபோய்ப் பலகையைக் கைப்பற்றினால் தலைமைப் பண்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எடுபடாது.

நேர்காணலில் ‘உங்கள் பலவீனம் என்ன’ வகைக் கேள்விகள் குறைந்துவிட்டன. உண்மையில் நடந்த சம்பவத்தைச் சொல்லச் சொல்வார்கள்:

1. கேப்டனோடு கருத்து வேறுபட்ட ஒரு தருணத்தைச் சொல்லுங்கள்.

2. விதிமுறையை மீறும்படி உங்களை யாராவது நெருக்கியிருக்கிறார்களா? என்ன செய்தீர்கள்?

3. நீங்கள் செய்த பெரிய தவறு எது? அது எப்படித் தெரியவந்தது?

மூன்றாவது கேள்விக்கு ‘அப்படி எதுவும் இல்லை’ என்பவர் தேறுவது கஷ்டம். தவறைத் தானே கண்டுபிடித்தாரா, சொன்னாரா, அடுத்த முறை எதை மாற்றினார் என்ற வரிசையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதல் கேள்விக்கு ‘எனக்கும் கேப்டனுக்கும் எப்போதும் ஒத்துப்போகும்’ என்று சொல்வது மரியாதையாகத் தோன்றலாம். கேட்பவர் காதில் யுனைடெட் 173 ஒலிக்கும்.

தொழில்நுட்பக் கேள்விகள் படித்ததிலிருந்தே வரும். வி-1 என்றால் என்ன? புறப்படும் ஓட்டத்தில் அந்த வேகத்துக்குள் நிறுத்தும் நடவடிக்கை தொடங்கியிருந்தால்தான் மிச்ச ஓடுபாதைக்குள் நிற்க முடியும். அதைத் தாண்டிவிட்டால் ஒரு எஞ்சின் போனாலும் மேலே ஏறிவிட வேண்டும். ஈரமான ஓடுபாதையில் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் என்ன? டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் கணக்கில் கிடைக்கும்; சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்றால் சுமார் 127 நாட். சூத்திரம் சொன்னதும் ‘சரி, அப்படியானால் ஓடுபாதையில் என்ன செய்வீர்கள்’ என்று அடுத்த கேள்வி வரும். மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார்.

சிமுலேட்டர்: தவறு செய்யலாம், அதே தவறை மறுபடி செய்யக் கூடாது

பெரும்பாலும் விண்ணப்பதாரர் அதற்குமுன் ஓட்டியிராத ரகத்தின் சிமுலேட்டராகவே இருக்கும். எந்த வேகத்துக்கு மூக்கு எத்தனை டிகிரி, எஞ்சின் சக்தி எவ்வளவு என்று ஒரு தாளை முன்கூட்டியே தருவார்கள். அப்புறம் ஆட்டோபைலட்டை அணைத்து, எப்படித் திருப்ப வேண்டும் என்று வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டரையும் அணைத்துவிடுவார்கள். இதை ‘ரா டேட்டா’ என்பார்கள். புறப்பாடு, செங்குத்தாகச் சாய்ந்த திருப்பங்கள், ஒரு ஹோல்டிங் (காத்திருக்கும்போது ஒரே இடத்தைச் சுற்றிப் பறப்பது), ஐ.எல்.எஸ். இறக்கம் (ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைப் பின்பற்றி இறங்குவது), பல நேரங்களில் ஒரு எஞ்சின் செயலிழப்பு. இதுதான் வழக்கமான நிகழ்ச்சி நிரல்.

நடுவில் பயிற்றுநர் நிறுத்தி ஒரு குறிப்பு தருவார்: ‘சக்தியை மாற்றும்போது மூக்கை விட்டுவிடுகிறீர்கள், பாருங்கள்’ என்று. பிறகு அதே பயிற்சியைத் திரும்பச் செய்யச் சொல்வார். அந்த இரண்டாவது முயற்சிதான் உண்மையான தேர்வு என்பது என் கணிப்பு. முதல் முறை சுமாராக ஓட்டி, குறிப்பைக் கேட்டபின் தெளிவாக முன்னேறியவர், இரண்டு முறையும் ஒரே மாதிரி நன்றாக ஓட்டியவரைவிடப் பயிற்சித் துறைக்குப் பிடித்தமானவராகத் தெரியலாம்.

இன்னொரு விண்ணப்பதாரர் பக்கத்தில் இருப்பார். ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிப்பார். பிறகு இடம் மாறும். உயரம் விலகுகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் வேடிக்கை பார்த்தால் இருவருக்கும் மதிப்பெண் குறையும். போட்டியாளரைக் கவிழ்க்க இது இடமில்லை.

கேப்டன் பதவிக்கு வந்தவருக்குக் கூடுதலாக ஒரு கதை கொடுப்பார்கள்: பாதி வழியில் சரக்கறையில் புகை எச்சரிக்கை, அருகில் இரண்டு விமான நிலையங்கள், ஒன்றில் வானிலை மோசம், மற்றதில் ஓடுபாதை குட்டை. எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதோடு, எப்படி முடிவெடுத்தார் என்பதும் எழுதப்படும்: துணை விமானியைக் கேட்டாரா, வேலையைப் பகிர்ந்தாரா, கேபின் ஊழியர்களுக்குச் சொன்னாரா, முடிவெடுத்தபின் நிலைமை மாறுகிறதா என்று மறுபடி பார்த்தாரா.

உடல், மனம், வயது

முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஏற்கனவே இருந்தாலும், வேலை தரும் நாட்டின் மருத்துவர் மறுபடி பரிசோதிப்பார். பார்வை, நிறப் பார்வை, செவி, இதயம், ரத்தம், போதைப்பொருள். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் 9525 விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதி 150 பேர் இறந்த பிறகு, ஐரோப்பிய விதிகளில் உளவியல் மதிப்பீடும் சேர்ந்தது. பயணிகளோடு பறக்கத் தொடங்கும் முன் அது முடிந்திருக்க வேண்டும்.

சர்வதேச வணிகப் பறப்பில், இரு விமானிகள் ஓட்டும் விமானத்துக்கு ஐ.சி.ஏ.ஓ.வின் உச்ச வயது 65. ஆகவே அறுபதைத் தாண்டியவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், பயிற்சிச் செலவை மீட்க வருடங்கள் போதாது என்று நிறுவனம் கணக்குப் போடும்.

ஆஃபர் வந்த பிறகு

தேறியவர்கள் எல்லாருக்கும் உடனே தேதி கிடைக்காது. பலரை ‘ஹோல்ட் பூல்’ என்ற காத்திருப்புப் பட்டியலில் வைப்பார்கள். அதற்குச் சட்டப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. 2020-இல் கோவிட் வந்தபோது அந்தப் பட்டியல்களில் இருந்த பலர் வெறுங்கையோடு நின்றார்கள். இருக்கும் வேலையை ராஜினாமா செய்வது கையெழுத்தான ஒப்பந்தம் வந்தபிறகுதான் என்பதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை:

1. பாண்டு: டைப் ரேட்டிங் எனப்படும் குறிப்பிட்ட ரகப் பயிற்சியின் செலவை நிறுவனம் ஏற்றால், இத்தனை ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கும். தொகை மாதா மாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவனமே வேலையை விட்டு எடுத்தாலும் கட்ட வேண்டுமா என்பதையும்.

2. யார் முதலாளி: நேரடி வேலையா, ஏஜென்சி மூலமா? ஏஜென்சி என்றால் நோய் விடுப்பும் ஆட்குறைப்பு இழப்பீடும் வேறு கதை.

3. சீனியாரிட்டி: சில நிறுவனங்களில் ரோஸ்டர், பேஸ் (எந்த ஊரிலிருந்து பறப்பது என்பது), கேப்டன் பதவி உயர்வு எல்லாமே சேர்ந்த தேதியைப் பொறுத்தது. அங்கே ஒரு மாதத் தாமதத்துக்கும் விலை உண்டு.

4. உறுதி செய்த மணி நேரம்: சம்பளம் பறந்த நேரத்துக்கு மட்டுமா, பறக்காவிட்டாலும் குறைந்தபட்சம் உண்டா?

பணம் கேட்கும் இடங்களில் எச்சரிக்கை தேவை. தேர்வுக்குக் கட்டணம் வாங்கும் உண்மையான நிறுவனங்களும் இருக்கின்றன. டைப் ரேட்டிங் செலவை விமானியே ஏற்கச் சொல்வதும் நடக்கிறது. ஆனால் நேர்காணலே நடக்காமல் ‘விசா முன்பணம்’ கேட்கும் மின்னஞ்சல் மோசடிதான்.

சேர்ந்ததும் வகுப்பறை, அசையாத பயிற்சிக் கருவி, முழு சிமுலேட்டர், இறுதியில் திறன் தேர்வு. அனுபவம் குறைந்தவர்களுக்குப் பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் சில முறை ஏறி இறங்கும் பேஸ் டிரெயினிங் உண்டு. பிறகு பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்க, பயணிகளோடு லைன் டிரெயினிங். கடைசியில் லைன் செக், அதாவது வழக்கமான பயணத்திலேயே நடக்கும் இறுதிச் சோதனை. அதில் தேறிய பிறகே பெயர் சாதாரண ரோஸ்டரில் ஏறும். ஏறிய ஆறு மாதத்துக்குள் அடுத்த சிமுலேட்டர் செக்குக்கான தேதியும் அதே ரோஸ்டரில் வந்துவிடும்.